இன்னுமொரு கிண்ணம் வேண்டுமா? கழக நிர்வாகசபை முடிவெடுக்கும் முறை

யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஒரு கிராமத்து விளையாட்டுக்கழகத்துக்குப் பதினொரு ஆண்டுகள் செயலாளராக இருந்தேன். மாரி ஓய்ந்து மைதானம் காய்ந்ததும் அழைப்புக் கடிதங்கள் வரத் தொடங்கிவிடும். ஓர் ஆண்டில் சித்திரைக்கும் ஆவணிக்கும் இடையில் வந்த உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி அழைப்புகளை மேசையிலிருந்த கம்பியில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குத்தி வைத்தேன். எண்ணிப் பார்த்தபோது இருபத்திமூன்று இருந்தன. அணிக்கு ஏழு பேர், அணிக்கு ஒன்பது பேர், அணிக்குப் பதினொருவர், மின்னொளியில் நடப்பது, கழக ஆண்டுவிழாவுக்காக நடப்பது, காலமான ஒருவரின் நினைவாக நடப்பது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் இருந்தது. அதே ஆண்டில் எங்கள் நிர்வாகசபையிலும் புதிதாக ஒரு கிண்ணத்தைத் தொடங்கும் யோசனை முன்வைக்கப்பட்டது. அன்று முடிவெடுக்க எங்களிடம் ஒரு முறை இருக்கவில்லை. பிறகு பட்டுத் தெரிந்துகொண்டவற்றை, இதே கேள்வி முன்னால் நிற்கும் கழகங்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

இந்தக் கேள்வியை எங்களைவிட நீண்ட காலமாகவும் பெரிய அளவிலும் விவாதித்து வருபவர்கள் அமெரிக்கர்கள். அங்கே பல்கலைக்கழக அணிகள் ஆடும் ஆட்டம் எங்களுடைய உதைபந்தாட்டம் அல்ல. தலைக்கவசம் அணிந்து, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம். பருவகாலம் முடிந்தபின், மார்கழியிலும் தை மாதத் தொடக்கத்திலும், தெரிவான அணிகள் இரண்டிரண்டாகச் சந்திக்கும் தனி ஆட்டங்களுக்கு ‘பவுல்’ என்று பெயர். கலிபோர்னியாவின் பசடீனாவில் 1922இல் கட்டப்பட்ட கிண்ண வடிவ அரங்கான றோஸ் பவுலிலிருந்து அந்தப் பெயர் மற்றைய ஆட்டங்களுக்கும் பரவியது. ஆட்டம் அரங்கைவிடப் பழையது. 1902ஆம் ஆண்டின் முதல் நாளில் மிச்சிகன் அணி ஸ்டான்போர்ட் அணியை 49–0 என்று வென்றது. அந்த ஒருதலைப்பட்சமான ஆட்டத்துக்குப் பிறகு அமைப்பாளர்கள் 1916 வரை அதை மீண்டும் நடத்தவில்லை. 1935இல் ஒரேஞ்ச், சுகர், சன் ஆகிய பவுல்கள் சேர்ந்துகொண்டன. 2000ஆம் ஆண்டில் 25 ஆக இருந்த பவுல்கள் 2010இல் 35 ஆகி, 2015இல் 40ஐத் தொட்டன. அவை மிதமிஞ்சிவிட்டனவா என்ற வாதம் அங்கே ஒவ்வொரு மார்கழியிலும் எழுகிறது. எண்ணிக்கையும் கணக்கும் வெளிப்படையாகக் கிடைக்கும் நாடு என்பதால், அவர்களுடைய அனுபவம் எங்களுக்கும் ஒரு அளவுகோலாகப் பயன்படும்.

முதலில் அணிகளை எண்ணுங்கள்

புதிய கிண்ணம் பற்றிய பேச்சு எழுந்தவுடன் பரிசுத்தொகையையும் பிரதம விருந்தினரையும் பற்றிப் பேசத் தொடங்குவது எங்களுக்குப் பழகிவிட்டது. அதை நிறுத்திவைத்து, ஒரு பயிற்சிக் கொப்பியை விரித்து, நீங்கள் அழைக்க எண்ணும் கழகங்களின் பெயர்களை எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கு எதிரேயும் அந்தக் கழகத்தில் கிழமையில் இரண்டு நாளாவது பயிற்சிக்கு வரும் வீரர்கள் எத்தனை பேர் என்று கேட்டறிந்து குறியுங்கள். பதினொருவர் ஆட்டத்துக்கு மாற்று வீரர்களோடு பதினாறு பேராவது வேண்டும். அந்த எண்ணிக்கை இல்லாத கழகம் போட்டி நாளில் வேறொரு கழகத்தின் பையன்களை இரவல் வாங்கித்தான் மைதானத்துக்கு வரும்; முப்பத்திரண்டு அணிகள் என்று சுவரொட்டியில் அச்சிட்டிருப்பீர்கள், ஆனால் உண்மையில் இருபது அணிகளின் வீரர்கள் சட்டை மாற்றி மாற்றி ஆடிக்கொண்டிருப்பார்கள். நாங்கள் இந்தக் கணக்கைச் செய்தபோது எட்டுப் பையன்களின் பெயர் மூன்று கழகங்களின் பட்டியல்களில் இருந்தது.

அமெரிக்காவில் இதே நிலைமை 2015இல் எல்லோருக்கும் தெரியும்படி வெளிப்பட்டது. ஒரு பருவகாலத்தில் பன்னிரண்டு ஆட்டங்கள். அவற்றில் ஆறில் வென்ற அணிக்கே பவுலில் ஆடத் தகுதி உண்டு. நாற்பது பவுல்களுக்கு எண்பது அணிகள் தேவைப்பட்டன. முதல்தரப் பிரிவில் இருந்தவையோ 128 அணிகள்தாம். ஆறு வெற்றி பெற்ற அணிகள் எண்பது தேறவில்லை. ஆகவே ஐந்தில் வென்று ஏழில் தோற்ற நெப்ராஸ்கா, மின்னசோட்டா, சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகம் ஆகிய மூன்று அணிகளை அழைத்து இடத்தை நிரப்பினார்கள். 2016இல் புதிய பவுல்களுக்கு மூன்று ஆண்டுத் தடை விதிக்கப்பட்டது.

அந்த மூன்று அணிகளும் தங்கள் பவுல் ஆட்டங்களில் வென்றன என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆகவே அழைத்தது சரிதான் என்று வாதிடுவோர் உண்டு. ஒரு நாள் ஆட்டத்தின் வெற்றி ஒரு பருவகாலத்தின் தகுதியைப் பின்னோக்கிச் சென்று உண்டாக்கிவிடாது என்பது என் கருத்து. ஆனால் அந்த நிகழ்வில் நாங்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய நல்ல பழக்கம் ஒன்று இருக்கிறது. வெற்றிடத்தை நிரப்பும் அணிகளை அவர்கள் செல்வாக்கைப் பார்த்துத் தெரிவு செய்யவில்லை. வீரர்கள் கல்வியில் எவ்வளவு முன்னேறியிருக்கிறார்கள் என்று ஏற்கெனவே கணித்து வெளியிட்டிருந்த புள்ளிகளின் வரிசைப்படி தெரிவு செய்தார்கள். உங்கள் போட்டியிலும் ஓர் அணி விலகினால் யாரைச் சேர்ப்பது என்ற விதியை அழைப்புக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். பதினாறு வயதுக்குட்பட்டோருக்குப் பயிற்சி நடத்தும் கழகத்துக்கு முதலிடம், கடந்த ஆண்டில் சிவப்பு அட்டை பெறாத கழகத்துக்கு அடுத்த இடம் என்று வைக்கலாம். போட்டிக்கு முதல்நாள் இரவு தொலைபேசியில் நடக்கும் இழுபறி அத்தோடு நின்றுவிடும்.

தகுதியான அணிகள் பதினாறுக்குக் குறைவாக இருந்தால், அல்லது அவை எல்லாம் அதே மாதத்தில் வேறு இரண்டு போட்டிகளுக்கு ஒப்புக்கொண்டிருந்தால், புதிய கிண்ணத்தைப் பற்றிய யோசனையை அந்த இடத்திலேயே நிறுத்திவிடலாம்.

பிறகு கால்களை எண்ணுங்கள்

இது நான் காலம் தாழ்த்திக் கற்ற பாடம். எங்கள் அணியில் நடுக்களத்தில் ஆடிய பையனுக்கு அப்போது பதினேழு வயது; உயர்தரம் படித்துக்கொண்டிருந்தான். மின்னொளிப் போட்டி ஒன்றின் அரையிறுதி முடிந்து இறுதியாட்டம் தொடங்க நாற்பது நிமிடம் இருந்தது. அவன் மதிலோரம் இருந்து காலுறையை உருட்டிக் கழற்றினான். கணுக்கால் எலும்பு தெரியாத அளவுக்கு வீங்கியிருந்தது, காலுறையின் நெசவு தோலில் அப்படியே பதிந்திருந்தது. குளிர்பானப் பெட்டியிலிருந்து ஐஸ்கட்டி எடுத்து, சட்டைத் துணியில் சுற்றி வைத்துவிட்டு, “ஏலுமோ?” என்று கேட்டேன். “ஏலும் அண்ணை” என்றான். அவன் அப்படித்தான் சொல்லுவான் என்பது எனக்குத் தெரியும், தெரிந்துகொண்டே கேட்டேன். இறுதியாட்டத்தில் வென்றோம். அவன் அதற்குப் பிறகு ஐந்து மாதம் ஆடவில்லை. வீட்டுக்கு வந்து ஆட்டப் பதிவேட்டைப் புரட்டியபோது, ஆடி மாதத்தில் மட்டும் அவனுடைய பெயருக்கு எதிரே பதினான்கு கோடுகள் இருந்தன. அந்தக் கோடுகளைப் போட்டவன் நான்தான்.

ஆகவே ஒவ்வொரு வீரனுக்கும் ஒரு வரியும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கட்டமும் கொண்ட மாத அட்டவணை ஒன்றை வரையுங்கள். பாடசாலை அணிக்காக ஆடியதையும், பிரதேச லீக் ஆட்டங்களையும், வேறு கழகங்கள் இரவல் கேட்டு ஆடவைத்ததையும் அதே வரியில் குறியுங்கள். வேறு வேறு கொப்பிகளில் இருந்தால் யாருடைய கண்ணுக்கும் முழுக் கணக்குத் தெரியாது. பதினொருவர் ஆட்டம் ஒன்றின்பின் இரண்டு முழு நாள் ஓய்வு, ஒரே நாளில் இரண்டு குறுநேர ஆட்டங்களுக்கு மேல் இல்லை என்ற இரண்டு விதிகளை நாங்கள் வைத்துக்கொண்டோம். இவற்றை மீறினால்தான் ஒரு போட்டிக்குப் போகமுடியும் என்றால் அந்தப் போட்டிக்குப் போகாதீர்கள்.

அமெரிக்காவில் இந்த வரம்பை நிர்வாகிகள் போடாமல் விட்டதால் வீரர்களே போட்டுக்கொண்டார்கள். 2016ஆம் ஆண்டின் முதல் நாளில் பியஸ்டா பவுலில் ஆடிய நோட்டர்டேம் அணியின் ஜேலன் ஸ்மித் முழங்காலில் கடுமையாகக் காயமடைந்தார்; தொழில்முறை அணிகள் பல்கலைக்கழக வீரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தெரிந்தெடுக்கும்போது முதல் சுற்றுக்குள் வரக்கூடியவர் என்று கருதப்பட்டவர் இரண்டாம் சுற்றுக்குத் தள்ளப்பட்டதோடு, அந்த ஆண்டு முழுவதும் ஆடமுடியாமல் போனார். அதே ஆண்டு மார்கழியில் கிறிஸ்டியன் மக்காஃப்ரி, லெனர்ட் ஃபோர்னட் என்ற இரு முன்னணி வீரர்கள் தங்கள் அணிகளின் பவுல் ஆட்டங்களில் ஆடப்போவதில்லை என்று அறிவித்தார்கள். அன்று அவர்களைக் குறைகூறியவர்கள் பலர். இன்று அது வழக்கமாகிவிட்டது. 2023இல் பதின்மூன்று ஆட்டங்களிலும் தோல்வியே காணாத புளோரிடா மாநிலப் பல்கலைக்கழக அணி, சம்பியன் பட்டத்துக்கான நான்கு அணிகளில் சேர்க்கப்படாமல் ஒரேஞ்ச் பவுலுக்கு அனுப்பப்பட்டது. இருபதுக்கும் மேற்பட்ட வீரர்கள் இல்லாமல் ஆடி ஜோர்ஜியாவிடம் 63–3 என்று தோற்றது. பவுல் வரலாற்றிலேயே மிகப் பெரிய இடைவெளி அது. வீரர்கள் மனம் வைக்காத ஆட்டத்தை எந்த அரங்கில் நடத்தினாலும் அதன் பெறுபேறு இப்படித்தான் இருக்கும். எங்கள் பையன்கள் அப்படி வெளிப்படையாக மறுக்கமாட்டார்கள். “ஏலும் அண்ணை” என்பார்கள். அதனால் இங்கே நிர்வாகசபையின் பொறுப்பு அங்கிருப்பதைவிடக் கூடியது.

நட்டம் யாருடையது என்று எழுதிவையுங்கள்

பல அமெரிக்க பவுல்களில், அழைக்கப்படும் பல்கலைக்கழகம் ஒரு தொகை நுழைவுச்சீட்டுகளைத் தானே வாங்கிக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. 2011 தை மாதத்தில் பியஸ்டா பவுலுக்குப் போன கனெக்ரிகட் பல்கலைக்கழகம் 17,500 சீட்டுகளுக்குப் பொறுப்பேற்று, அவற்றில் சிறு பகுதியையே விற்க முடிந்து, 15 இலட்சம் டொலருக்கு மேல் நட்டப்பட்டது. அழைப்பு ஒரு கௌரவம். அந்தக் கௌரவத்தின் விலையை அழைக்கப்பட்டவரே கட்டினார். மறுபக்கத்தில், பதினைந்துக்கும் மேற்பட்ட பவுல்களை நடத்தும் நிறுவனம் இஎஸ்பிஎன் தொலைக்காட்சிக்கே சொந்தமானது. விடுமுறைக் காலத்து மாலைகளில் ஒளிபரப்ப ஒரு நேரடி ஆட்டம் கிடைக்கிறவரை, அரங்கின் இருக்கைகள் வெறுமையாகக் கிடந்தாலும் அந்த பவுல் நடக்கும். பவுல்கள் ஏன் பெருகின என்பதற்கு இதைவிட நேரான விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

எங்கள் போட்டிகளில் தொலைக்காட்சியின் இடத்தில் அனுசரணையாளர் இருக்கிறார். ஒருமுறை வெளிநாட்டிலிருந்து ஒருவர் முழுச் செலவையும் ஏற்பதாகச் சொன்னார். சுவரொட்டி ஒட்டி, மின்பிறப்பாக்கிக்கும் ஒலிபெருக்கிக்கும் முற்பணம் கட்டிய பிறகு, பாதித் தொகைதான் வந்தது. மிச்சத்தைச் சிறுவர் அணிக்குக் காலணி வாங்க ஒதுக்கி வைத்திருந்த பணத்திலிருந்து எடுத்தோம். அவரிடம் மட்டும் பிழை இல்லை. எழுத்தில் எதுவும் இல்லாமல் தொடங்கிய எங்களிடமும் பிழை இருந்தது.

ஆகவே சுவரொட்டி அச்சுக்குப் போகுமுன் பொருளாளர் ஒரு தாளில் மத்தியஸ்தர் கொடுப்பனவு, வெளிச்சம், தண்ணீர், முதலுதவி, பரிசில், விருந்தினர் உபசரிப்பு என்று செலவுகளை எழுதி, பணம் கையில் வந்தவற்றுக்கு எதிரே மட்டும் அடையாளம் இட வேண்டும். வாக்குறுதியைப் பணமாகக் கணக்கிடக் கூடாது. துண்டு விழுந்தால் எந்தச் செலவு வெட்டப்படும் என்பதையும் அதே தாளில் எழுதி மூவர் கையொப்பமிட வேண்டும். முதலுதவியும் தண்ணீரும் வெட்டப்படும் பட்டியலில் ஒருபோதும் இருக்கக் கூடாது. பரிசுத்தொகை முதலாவதாக இருக்கட்டும்.

முப்பத்தொரு ஆட்டங்களை எப்படிப் பங்கிடுவது

அணிகளும் ஓய்வுநாள்களும் பணமும் தேறிவிட்டன என்று வைத்துக்கொள்வோம். அடுத்தது போட்டியின் அமைப்பு. முப்பத்திரண்டு அணிகள் விலகல் முறையில் ஆடினால் மொத்தம் 31 ஆட்டங்கள். முதல் சுற்றோடு பதினாறு அணிகள் வீட்டுக்குப் போய்விடும். ஊர்காவற்றுறையிலிருந்து பஸ் பிடித்து வந்த ஓர் அணி நாற்பது நிமிடம் ஆடித் தோற்றுத் திரும்பும். பதினாறு அணிகளை நான்கு குழுக்களாகப் பிரித்தால் குழு ஆட்டங்கள் 24. ஒவ்வொரு குழுவிலும் முதல் இரண்டு அணிகள் காலிறுதிக்கு வந்தால் மேலும் 7. மொத்தம் அதே 31. இங்கே ஒவ்வோர் அணிக்கும் குறைந்தது மூன்று ஆட்டங்கள் உறுதி. மைதானமும் வெளிச்சமும் மத்தியஸ்தரும் ஒரே அளவு. ஆனால் இரண்டாவது முறையில் பையன்கள் தோற்று, திருத்தி, மறுபடி ஆடிப்பார்க்கிறார்கள். முப்பத்திரண்டு என்ற எண் சுவரொட்டிக்கு அழகு என்பதைத் தவிர முதலாவது முறைக்கு வேறு நன்மையை நான் கண்டதில்லை.

சிறிய பவுல்களுக்கு ஆதரவாகப் பேசுவோரின் வலுவான வாதமும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. அதை நான் மதிக்கிறேன். பவுலுக்குத் தெரிவாகும் அணிக்கு 15 வரையான மேலதிகப் பயிற்சி நாள்கள் கிடைக்கின்றன. இளைய வீரர்கள் அதில் வளர்கிறார்கள். பெரும்பாலான மூத்த வீரர்களுக்கு அதுவே வாழ்க்கையின் கடைசி ஆட்டம். பெயர் வெளியே தெரியாத பல்கலைக்கழகத்தின் மாணவன் தன் பெற்றோர் பார்க்க ஓர் அரங்கில் ஆடுகிறான். துரையப்பா விளையாட்டரங்கில் ஒருமுறையாவது ஆடிவிட வேண்டும் என்று ஏங்கும் தீவகத்துப் பையனை அறிந்த எவரும் இந்த வாதத்தைத் தள்ளிவிட முடியாது. ஆகவே பவுல்கள் மிதமிஞ்சிவிட்டனவா என்று என்னைக் கேட்டால், தோற்ற அணிகளை அழைத்து நிரப்ப வேண்டியவையும், பார்ப்பவருக்காக அன்றி ஒளிபரப்புக்காக மட்டும் நடப்பவையும் மிகை என்பேன். ஆறு ஆட்டம் வென்ற சிறிய அணி இரண்டு ஒன்றையொன்று சந்திக்கும் பவுல் மிகை அல்ல.

நினைவுக் கிண்ணம் கேட்பவரிடம் என்ன சொல்வது

கடினமான பகுதி இதுதான். இறந்தவரின் பெயரால் வரும் வேண்டுகோளுக்குக் கணக்குக் காட்டி மறுப்புச் சொல்ல எவருக்கும் வாய் வராது. ரொறன்ரோவிலிருந்து ஓர் அண்ணர் தொலைபேசியில் அழைத்து, “தம்பி, ஐயாவின்ர பேர் ஊரிலை நிக்கவேணும், காசைப் பற்றி யோசியாதையுங்கோ” என்றார். “பேர் நிக்கவேணும் எண்டுதான் அண்ணை நானும் யோசிக்கிறன், மூண்டு வருசத்திலை நிண்டுபோற கிண்ணத்திலை ஐயாவின்ர பேரை ஏன் எழுதுவான்?” என்றேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு என்ன செய்யலாம் என்று கேட்டார்.

அவரிடம் நான் சொன்னவற்றையே உங்களுக்கும் சொல்கிறேன். ஏற்கெனவே நன்றாக நடக்கும் போட்டியில் சிறந்த கோல் காப்பாளருக்கான விருதை அந்தப் பெயரில் ஆண்டுதோறும் வழங்கலாம். பதினாறு வயதுக்குட்பட்டோர் பயிற்சிக்கு ஓர் ஆண்டுக்கான பந்துகளையும் காலணிகளையும் அந்தப் பெயரில் கொடுக்கலாம். அயல் ஊர்க் கழகம் ஒன்றோடு சேர்ந்து, இரு குடும்பங்களின் நினைவையும் ஒரே கிண்ணத்தில் பொறித்து, ஓராண்டு அவர்கள் மைதானத்திலும் மறு ஆண்டு எங்கள் மைதானத்திலும் நடத்தலாம். அந்த அண்ணர் இரண்டாவதைத் தெரிந்தெடுத்தார்.

ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் நடப்பதாலேயே பெருமை பெற்றது எங்கள் கண்முன்னே இருக்கிறது. யாழ் மத்திய கல்லூரியும் சென்ற் ஜோன்ஸ் கல்லூரியும் துடுப்பாட்டத்தில் (கிரிக்கெட்டில்) மோதும் ‘வடக்கின் பெரும் போர்’ 1904இல் தொடங்கியது. பங்குனி மாதத்தில் அந்த மூன்று நாள்களுக்காக வெளிநாட்டிலிருந்து பழைய மாணவர்கள் விடுமுறை எடுத்து வருகிறார்கள். அதே இரு அணிகள் ஆண்டில் ஐந்து முறை மோதினால் யார் விமானம் ஏறுவார்கள்?

நாட்காட்டியும் மறுப்புக் கடிதமும்

ஐப்பசி முதல் மார்கழி வரை மழை. ஆடி, ஆவணியில் நல்லூர் மகோற்சவம் இருபத்தைந்து நாள். அந்த மாலைகளில் பார்வையாளரையோ தொண்டரையோ எதிர்பார்க்க வேண்டாம். பொதுப் பரீட்சைத் திகதிகள் அண்மைக் காலத்தில் இடம்மாறியதால், பரீட்சைத் திணைக்களத்தின் அறிவித்தலைப் பார்த்த பிறகே நாள் குறியுங்கள். பரீட்சைக்கு முந்திய ஆறு கிழமையை மூடிவிடுங்கள். மிஞ்சும் கிழமைகளில் முதலில் லீக் ஆட்டங்களைப் பென்சிலால் அல்ல, பேனாவால் எழுதுங்கள். மீதியில் எத்தனை போட்டிகளுக்கு இடம் இருக்கிறதோ அத்தனைக்கு மட்டும் போங்கள். எங்களுக்கு அந்த எண் ஐந்தாக வந்தது. இருபத்திமூன்று அழைப்புகளில் பதினெட்டுக்கு மறுப்பு எழுத வேண்டியிருந்தது.

மறுப்புக் கடிதம் குறுகியதாக இருக்கட்டும். “தங்கள் அழைப்புக்கு எமது கழகம் நன்றி கூறுகிறது. எமது வீரர்களுக்கு உரிய ஓய்வு வழங்கும் பொருட்டு இவ்வாண்டு ஐந்து சுற்றுப்போட்டிகளில் மட்டும் பங்குபற்றுவது என நிர்வாகசபை தீர்மானித்துள்ளதால் தங்கள் போட்டியில் பங்குபற்ற இயலாமைக்கு வருந்துகிறோம். போட்டி நாள்களில் மைதானக் கடமைக்கு நான்கு தொண்டர்களை அனுப்ப விரும்புகிறோம்” என்று நாங்கள் எழுதினோம். காயம், பரீட்சை, மரணவீடு என்று பொய்க் காரணம் எழுதக் கூடாது. பையன்கள் வேறொரு மைதானத்தில் ஆடியதை அடுத்த நாளே ஊர் அறியும். கடைசி வரியில் சொன்ன நான்கு பேரைத் தவறாமல் அனுப்புங்கள். கடிதத்தையும் தபாலிலோ வைபரிலோ அனுப்பாமல் செயலாளரே நேரில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அந்தக் கழகத்தின் மாலைப் பயிற்சி முடிந்து, பந்துகளைச் சாக்கில் கட்டிக்கொண்டிருக்கும் நேரம் அதற்கு ஏற்றது.